விராலுக்குச் சோயா

தர்மபுரி,
12 ஜூலை 2024

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் சமரீனும் நலம். அத்தா, அம்மா, அண்ணன் எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் துஆ செய்கிறேன்.

கவரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கெட்ட செய்தி இல்லை. பக்ரீதுக்கு வந்து, வந்த வேகத்தில் சண்டை போட்டுவிட்டுப் போனீர்களே, அதற்குப் பிறகு போன் எடுத்தாலே நீங்கள் கத்துகிறீர்கள், நான் அழுகிறேன், சமரீன் தலையணையை எடுத்துக் காதில் பொத்திக்கொள்கிறாள். நிக்காஹ்வுக்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினீர்கள். அதில் எழுத்துப்பிழை நிறைய இருந்தது, கோபம் இல்லை. அதனால் இனி ஞாயிற்றுக்கிழமை போன் பிள்ளைக்கு மட்டும். நமக்குள் பேச வேண்டியதை எழுதிக்கொள்வோம்.

இந்த வருஷம் இண்டூரில் நல்ல மழை. போர்வெல்லில் தண்ணீர் ஏறியிருக்கிறது. போன வருஷம் அது வற்றி, வளர்த்த கட்லா மீன் எல்லாம் செத்து, நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மங்களூர்ப் பக்கம் வேலை பேசிக்கொண்டு கிளம்பினீர்களே, அதே இரண்டு குட்டைகளும் இப்போது தளும்பி நிற்கின்றன. நிலத்துக்காரர் கருப்பண்ணன் அண்ணன் குத்தகையை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தார். விரால் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறேன். காலையில் சமரீனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பென்னாகரம் பஸ் ஏறி இண்டூரில் இறங்கினால், அவளைக் கூப்பிடும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறேன்.

கடையில் விற்கும் விரால் தீவனத்தில் பெரும்பங்கு மீன்தூள்தான். கை வைக்க முடியாத விலை. இங்கே அத்தாவின் எண்ணெய் மில்லில் கடலைப் புண்ணாக்கு குவிந்து கிடக்கிறது. சேலத்தில் சோயாவும் கிடைக்கும். மீன்தூளைக் குறைத்து இவற்றைக் கொடுத்து வளர்த்துப் பார்க்கப் போகிறேன். மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனபோது ஒரு மேடம், "செய்யலாம், ஆனா விரால் கொஞ்சம் பிடிவாதக்கார மீனும்மா" என்றார். பிடிவாதக்காரர்களோடு எனக்குப் பழக்கம் உண்டு.

நீங்கள் வேலை பார்ப்பதே மீன்தூள் கம்பெனி. உங்களுக்கு எதிராகச் செய்வதாக நினைக்க வேண்டாம்.

அப்துல்லா அண்ணன் விடாமல் கேட்கிறார். "போறதுன்னா அவர்கிட்ட போயிரு. இல்லன்னா ஜமாஅத்துல பேசி உறவ முடிச்சிக்கலாம். இப்படி ரெண்டுங்கெட்டானா எத்தன நாளைக்கு இருப்ப?" மாசியில் மீன் பிடிக்கும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார்.

பதில் எழுதுங்கள்.

சமரீனின் அம்மா,
ஷாஜியா


மங்களூர்,
27 ஜூலை 2024

அன்புள்ள ஷாஜியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கவர் வந்ததும் ரூமில் இருக்கிற ஒடிசாப் பையன்கள் வக்கீல் நோட்டீஸா என்று கேட்டார்கள். எனக்கும் பிரிக்கிறவரை அந்தப் பயம்தான். படித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. இது மூன்றாவது தாள்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். படகு போகவில்லை, மீன் வரவில்லை. மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் வேலை. நான் பார்ப்பது குக்கர். அடுப்பில் வைக்கிற குக்கர் இல்லை, லாரி நீளத்துக்கு இருக்கும். மீன் ஒரு பக்கம் உள்ளே போனால் வெந்து, பிழிந்து, காய்ந்து, மறுபக்கம் தூளாக வரும். அடுத்த வாரம் படகுகள் இறங்கியதும் ஓட ஆரம்பிக்கும்.

விரால் புண்ணாக்கைத் தின்னாது ஷாஜி. அது மாடு இல்லை. கரையில் தவளை குதித்தால் விடாத மீன் அது. உனக்குத் தேவையான மீன்தூளை நானே அனுப்புகிறேன். இங்கே வேலை பார்க்கிறவர்களுக்குச் சலுகையில் மாதம் ஒரு மூட்டை தருவார்கள். சேலம் போகும் லாரியில் ஏற்றிவிடுகிறேன்.

அதைவிட நல்லது, குட்டையை ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். குவார்ட்டர்ஸ் கேட்டால் தருவார்கள். சமரீன் சின்னப் பிள்ளை, கன்னடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். இதைச் சண்டையாக எழுதவில்லை. கேட்கிறேன்.

மாமா, மாமிக்கும் அப்துல்லா மச்சானுக்கும் என் ஸலாம். ஜமாஅத் என்ற வார்த்தையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
ஆசிம்


தர்மபுரி,
22 ஆகஸ்ட் 2024

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டை வந்து சேர்ந்தது. லாரிக்காரர் மில் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தெருவே மூக்கைப் பிடித்தது. மூட்டையைப் பிரித்து நாலு பக்கமும் தேடினேன். ஒரு துண்டுச் சீட்டுகூட நீங்கள் வைக்கவில்லை.

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. அதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். கடலைப் புண்ணாக்கு, சோயா, தவிடு, ஒட்டுவதற்கு மரவள்ளி மாவு எல்லாம் பிசைந்து, இடியாப்ப அச்சில் பிழிந்து, வெயிலில் காய வைத்து, ஒடித்து ஒரு குட்டையில் போட்டேன். விரால் மேலே வந்தது. வாயில் வாங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே துப்பியது. ஒன்று இரண்டு இல்லை, எல்லாமே. கருப்பண்ணன் அண்ணன் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். "ஏம்மா, அதுக்கு சைவம் பழக்கறியா நீ?"

மூன்று நாள் பட்டினி கிடந்தன. பெரியது சின்னதைத் துரத்த ஆரம்பித்ததும் பயந்துபோய்க் கடைத் தீவனத்தையே போட்டேன். வீட்டில் அம்மா வேறு, "ஷாஜியா, இந்த அச்சுலதான் நாளைக்கு இடியாப்பம் புழியணுமா?" என்று அதைத் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டார்.

உங்கள் மூட்டையைத் தொடக் கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். ரோஷம் எனக்கு, பட்டினி மீனுக்கு. அது நியாயமில்லை என்று தோன்றியது. இப்போது ஒரு குட்டைக்கு முழுக்க மீன்தூள் தீவனம். இன்னொன்றில் பாதியாவது மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன்.

தூளைச் சலிக்கும்போது சல்லடையில் ஒரு வால் நின்றது. சமரீனின் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். இவ்வளவு சின்ன மீனையுமா அரைக்கிறார்கள்?

குவார்ட்டர்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்டதற்குச் சந்தோஷம். வர முடியாது. இங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதை நீங்கள் இன்னும் ஒரு தடவைகூட வேலை என்று சொல்லவில்லை.

ஷாஜியா


மங்களூர்,
11 செப்டம்பர் 2024

அன்புள்ள ஷாஜிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சீட்டு வைக்க நினைத்தேன். என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

நீ கேட்ட வாலைப் பற்றிச் சொல்கிறேன். அது மத்திக் குஞ்சு. தடைக்காலம் முடிந்து படகு இறங்கியதிலிருந்து இரவு பகலாக மெஷின் ஓடுகிறது. லாரி லாரியாக வந்து கொட்டுகிறார்கள். பெரிய மத்தி மார்க்கெட்டுக்குப் போய்விடும். எங்களிடம் வருவது நசுங்கியது, அழுகியது, அப்புறம் இந்தக் குஞ்சுகள். கேட் பக்கத்தில் ஒரு மீனவ அம்மா தினமும் கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். லாரியிலிருந்து சிந்துவதைப் பொறுக்கிக் குழம்புக்குக் கொண்டுபோவார். ஒருநாள் கையில் ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு கன்னடத்தில் என்னவோ சொன்னார். உடன் இருந்த தமிழ்ப் பையன் எனக்குச் சொன்னான்: "இத விட்டிருந்தா சங்கராந்திக்கு ஒரு சட்டி நெறஞ்சிருக்கும்ங்கறாங்க." அவர் திட்டவில்லை, சும்மாதான் சொன்னார். அதற்கப்புறம் நான் அந்தக் கேட் வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

உன் மீன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம். சோயாவைப் பச்சையாகப் போடாதே. நன்றாக ஊற வைத்து, குக்கரில் வேக வைத்து, பிறகு காய வைத்து அரை. பச்சைச் சோயா மீனுக்குச் செரிக்காது என்று எங்கள் லேப் பையன் சொன்னான். இரண்டாவது, ஒரே நாளில் மாற்றாதே. பத்துப் பிடியில் ஒரு பிடியை மட்டும் மாற்று. அது பழகினதும் இரண்டு பிடி. மேலே கொஞ்சம் மீன் எண்ணெய் தடவு. வாசனைக்குத்தான் அது வாயைத் திறக்கும்.

வாசனை என்றதும் ஒன்று எழுத வேண்டும். பக்ரீதுக்கு வந்தபோது சமரீனைத் தூக்கினேன். முகத்தைத் திருப்பி மூக்கைப் பொத்தினாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். இந்த நாற்றம் தோலுக்குள்ளே போய்விடுகிறது ஷாஜி. பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போவான், அது பழகிவிட்டது. பிள்ளை செய்தது பழகவில்லை. அன்று உன்னிடம் சண்டை பிடித்தது குட்டைக்காக இல்லை.

உன்னுடையது வேலைதான். நான் பார்க்கிறதைவிடக் கஷ்டமான வேலை.

ஆசிம்


தர்மபுரி,
16 அக்டோபர் 2024

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மீன் செய்தி முதலில். சோயாவை ஊற வைத்து, வேக வைத்து, உலர்த்தி, கடலைப் புண்ணாக்கோடு சேர்த்து அரைத்தேன். ஒரு பிடியில் ஆரம்பித்தேன். முதல் நாள் வாயில் வைத்து யோசித்தன. துப்பவில்லை. நாலைந்து நாளுக்கு ஒரு பிடி கூட்டினேன். இப்போது பாதிக்குப் பாதி நிற்கிறது. தீவனத் தட்டை இறக்கினால் மற்ற குட்டை மாதிரியே அடித்துப் பிடித்துக்கொண்டு வருகின்றன. அதற்கு மேல் மாற்றினால் தட்டில் மிச்சம் வைக்கின்றன. முழுக்கவும் எடுத்துவிடலாம் என்ற என் ஆசை நடக்காது போலிருக்கிறது. பாதி மாற்றியதே போதும் என்று பயிற்சி மேடம் போனில் சொன்னார்.

கருப்பண்ணன் அண்ணன் இப்போது சிரிப்பதில்லை. "எங்க மச்சான் பாலக்கோட்டுல விரால் வுட்டிருக்கான், அவனுக்கும் ஒரு சாக்கு போட்டுக் குடும்மா" என்கிறார்.

இனி சமரீன். லீவு நாளில் என்னோடு இண்டூர் வந்துவிடுகிறாள். உங்கள் மூட்டைத் தூளைச் சலித்துக் கொடுப்பது அவள் வேலை. போன வாரம் வகுப்பில் பக்கத்துப் பிள்ளை கவிப்பிரியா, "உன் மேல கருவாட்டு நாத்தம் அடிக்குது" என்று தள்ளி உட்கார்ந்தாளாம். நான் பதறிப்போனேன். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன். "எங்க அத்தா வேல செய்யற எடத்துல எல்லாம் இப்படித்தான் அடிக்கும், எங்க குட்டையிலயும் அடிக்கும், நீ வேணும்னா முன் பெஞ்சுல உக்காருன்னு சொன்னேம்மா" என்றாள். அழவில்லை. கொஞ்சம் பெருமை மாதிரிகூட இருந்தது.

அன்று மூக்கைப் பொத்தியபோது அவளுக்கு அது என்ன வாசனை என்று தெரியாது. அவ்வளவுதான். அதை வைத்து இத்தனை மாதம் நீங்கள் வராமல் இருந்தீர்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. வேறு மாதிரிக் கோபம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரூமில் என்ன சமைக்கிறீர்கள் என்று எழுதவே இல்லை.

ஷாஜியா


மங்களூர்,
3 நவம்பர் 2024

அன்புள்ள ஷாஜிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். முன் பெஞ்சு விஷயத்தைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ரூம் பையன்கள் முன்னால் கண்ணைத் துடைக்கக் கூச்சமாக இருந்தது.

சமையல் கேட்டாய். முறை வைத்துச் சமைக்கிறோம். என் முறையில் கடலைச் சட்னி அரைத்தால் நாலு பேரும் சட்டியை வழிக்கிறார்கள். மத்தி சமைப்பதில்லை. தினம் அத்தனையைப் பார்த்த பிறகு யாருக்கும் பிடிப்பதில்லை.

பாதிக்குப் பாதி என்றால் எங்கள் கம்பெனிக்கு நீ பாதி வியாபாரத்தைக் கெடுத்துவிட்டாய். மேனேஜரிடம் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

மழைக்காலம் வருகிறது. புண்ணாக்கைத் தரையில் வைக்காதே. கட்டை போட்டு மேலே அடுக்கு.

உன்,
ஆசிம்


தர்மபுரி,
6 டிசம்பர் 2024

என்னங்க,

புயல் மழை இங்கே கொட்டித் தீர்த்துவிட்டது. ஊத்தங்கரை, அரூர் பக்கமெல்லாம் வெள்ளம். குட்டைக் கரை உடையாமல் நின்றது. ஆனால் மழை நாளில் மில்லிலிருந்து வந்த புண்ணாக்கை அரைத்துப் போட்டேன். நாலு நாளாகப் பாதித் தீவனக் குட்டையில் மீன் தட்டுக்கு வருவதில்லை. நேற்றிலிருந்து மிதக்கின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஈரல் மஞ்சளாக வெளுத்துக் கிடந்தது. புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தாவிடம் சொன்னால், "எம் மில்லு புண்ணாக்கு எந்த மாட்டையும் கொன்னதில்ல" என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அண்ணன், "போதும் ஷாஜியா, இத்தோட வுட்டுரு. அந்த விஷயத்தையும் சேர்த்துப் பேசி முடிச்சிரலாம்" என்கிறார்.

மற்ற குட்டை, முழு மீன்தூள் குட்டை, நன்றாக இருக்கிறது. நீங்கள் முதலிலேயே சொன்னீர்கள். எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடப் போகிறேன். உங்களுக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஷாஜியா


தர்மபுரி,
23 டிசம்பர் 2024

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று சமரீன் போனில் கேட்டுச் சொன்னாள்.

கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. குட்டையில் இடுப்பளவு தண்ணீரில் செத்த மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கரையில் யாரோ பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் நீங்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தீர்கள். "மோட்டார் எங்க ஓடுது? பாதித் தண்ணிய மாத்தணும்" என்றீர்கள். அதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லப்போகிறீர்கள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். நீங்கள் சொல்லவே இல்லை.

அத்தாவிடம் நீங்கள் பேசியதை அம்மா சொன்னார். மில்லுக்குப் போய், "மாமா, இத நீங்களே ஒடச்சுப் பாருங்க" என்று ஒரு புண்ணாக்கைக் கையில் கொடுத்தீர்களாம். அத்தா உடைத்து மோந்து பார்த்தாராம். பிறகு ஈரம் பட்ட அடுக்கு முழுவதையும் அவரே வெளியே எடுத்துப் போட்டுக் கொளுத்தினார். "மாட்டுக்கும் இது ஆவாது" என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறார். அண்ணன் ஜமாஅத் பேச்சை எடுத்தபோது, "மீன் புடிக்கறவரைக்கும்னு சொல்லியாச்சுல்ல, வாய மூடு" என்றார்.

நான் சோயாவையும் நிறுத்தி எல்லாம் மீன்தூளுக்கு மாற்றப்போன அன்று என் கையைப் பிடித்து, "வேணாம் ஷாஜி. கடலைய மட்டும் நிறுத்து. சோயா எந்தத் தப்பும் பண்ணல" என்றீர்களே. மீன்தூள் கம்பெனிக்காரர் சொன்னதைக் கேட்டுக் கருப்பண்ணன் அண்ணனே திகைத்துவிட்டார்.

சாவது நின்றுவிட்டது. கால்வாசிக்கும் குறைவாகத்தான் போனது. மீதி தட்டுக்கு வருகின்றன.

ஒரு குறை இருக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் பையை எடுத்தீர்கள். நான் வாசலில் நின்றேன். இருக்கட்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று பார்த்தேன். "வரட்டா" என்றீர்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

உங்கள்,
ஷாஜியா


மங்களூர்,
14 ஜனவரி 2025

அன்புள்ள ஷாஜிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இருக்கட்டுமா என்று கேட்கத்தான் வந்தது. நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பக்கமும் போக இடம் இருக்காது. அதனால் "வரட்டா" என்றேன்.

இன்னொரு விஷயம். கம்பெனி ஓமனில் புது ஃபேக்டரி திறக்கிறது. அங்கே குக்கர் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாகப் போகச் சொல்கிறார்கள். இரண்டு வருஷம். சம்பளம் நம் வாழ்க்கையில் பார்த்திராத அளவு. பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போய் வந்தால் சமரீன் படிப்புக்குக் கவலை இல்லை. சொந்தமாக நிலம் வாங்கிக் குட்டை வெட்டலாம். ஆனால் இரண்டு வருஷம்.

போன தடவை உன்னைக் கேட்காமல் கிளம்பினேன் என்று முதல் கடிதத்தில் எழுதினாய். அதனால் இந்தத் தடவை கேட்கிறேன். போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஆசிம்


தர்மபுரி,
19 பிப்ரவரி 2025

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் தாமதம். எழுதினேன், கிழித்தேன்.

நான் போ என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். முன்பு எனக்கும் சேர்த்து நீங்களே முடிவு செய்தீர்கள். இப்போது உங்களுக்கும் சேர்த்து என்னை முடிவு செய்யச் சொல்கிறீர்கள். போ என்றால் பணத்துக்காக அனுப்பினாள் என்று ஆகும். வேண்டாம் என்றால் இவளால்தான் கெட்டேன் என்று என்றைக்காவது தோன்றும். எனக்கு எது வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். முடிவு உங்களுடையது.

போன வாரம் இரண்டு குட்டையிலும் மீன் பிடித்தோம். சேலத்து வியாபாரி தண்ணீர்த் தொட்டி லாரியோடு வந்தார். எடை போட்டுப் பார்த்தால், பாதி சோயா தின்ற மீன் முழு மீன்தூள் தின்றதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. செலவைக் கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம், செத்தது போக. வியாபாரி இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எது எந்தக் குட்டைன்னு சொல்லாதீங்க, எனக்குத் தெரியல, வாங்கறவனுக்கும் தெரியாது" என்று ஒரே விலை போட்டார். எண்ணிய பணத்தையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு நின்றேன். கருப்பண்ணன் அண்ணன் சம்சாரம் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

பாலக்கோட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் சில பேர் தீவனம் கேட்டு வந்திருக்கிறார்கள். அச்சில் பிழிந்து மாளாது. மெஷின் போட வேண்டும், சோயா வேக வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். இதைச் சொன்னால் மெஷின் பார்க்க ஆள் தேடுகிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி இல்லை. மெஷினுக்கு ஆள் கிடைக்கும். ஓசூரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது வேறு. மீன் தட்டுக்கு வந்ததும் "பார்த்தீங்களா" என்று திரும்பினால் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டும். சண்டை வந்தால் அன்றைக்கே முடிந்துவிட வேண்டும். ஓமனிலிருந்து இதை அனுப்ப முடியாது.

மீன் பிடித்தாகிவிட்டது. அண்ணன் கேட்கிறார். ரம்ஜான் பிறை பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன்.

உங்கள்,
ஷாஜியா


மங்களூர்,
27 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷாஜிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் நேற்று வந்தது. ஓமன் வேண்டாம் என்று நான் மேனேஜரிடம் அதற்கு முந்தின வாரமே சொல்லிவிட்டேன். உன் பதிலைப் பார்த்துச் சொன்னதாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நீ எழுதாமல் இருந்ததில்தான் இது நானே முடிவு செய்ய வேண்டியது என்று புரிந்தது. மேனேஜர், "பைத்தியமாப்பா உனக்கு?" என்றார். இருக்கலாம் சார் என்றேன்.

இந்த வேலையையும் விடுவதாகச் சொல்லிவிட்டேன். கோபத்தில் இல்லை. நல்ல மனுஷர்கள், எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர்கள். புது ஆளுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார்கள். நோன்பு பாதி ஆவதற்குள் முடிந்துவிடும்.

இனி உன் முடிவு. நான் வந்தால் உன் குட்டையில் என்னவாக இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. முதலாளி நீதான். மெஷின் பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன், தட்டுக் கழுவச் சொன்னால் கழுவுகிறேன். கஷ்டமாக இருக்கும் நாளில் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் கேட்காமல் போனதை இப்போது கேட்கிறேன். வந்து இருக்கட்டுமா?

உன்,
ஆசிம்


தர்மபுரி,
8 மார்ச் 2025

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். ரம்ஜான் முபாரக். நோன்பு எல்லோருக்கும் நல்லபடியாகப் போகிறது. சமரீன் அரை நாள் நோன்பு வைத்துவிட்டு முழு நாள் கதை சொல்கிறாள்.

அண்ணனிடம் பேசிவிட்டேன். நோன்பு திறந்து எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். "நான் ஜமாஅத்துக்கு வரலைண்ணா. அவர் வராரு" என்றேன். அத்தாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "வந்து எங்க இருப்பீங்க? இந்த வூட்டுலயா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. அவருக்கும் உள்ளே பயம்தான் இருந்திருக்கிறது, நான் தனியாக நின்றுவிடுவேனோ என்று.

இந்த வீட்டில் இல்லை என்றேன். இங்கே நீங்கள் எப்போதும் மருமகன், நான் எப்போதும் மகள். மீன் விற்ற பணத்தில் இண்டூரில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு வீடு வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். ஓட்டு வீடு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பின்னால் மெஷின் வைக்க ஒரு கொட்டகை. சமையல்கட்டு ஜன்னல் கதவு சரியாக மூடாது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும். நேற்றுச் சுண்ணாம்பு அடித்தோம். அண்ணன் ஏணி பிடித்தார். சமரீன் பள்ளிக்கு இனி பஸ்ஸில் போக வேண்டும். அவள் அதற்கே குதிக்கிறாள்.

சாமான்களை எல்லாம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இன்னும் அங்கே படுக்கவில்லை. முதல் நாள் மூன்று பேரும் இருக்கட்டும் என்று தோன்றியது.

பஸ் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. நான் குட்டையில் இருந்தாலும் இருப்பேன். அதனால் யாருக்காகவும் வாசலில் நிற்க வேண்டாம். நேற்று தர்மபுரிக் கடைவீதியில் ஒரு பூட்டு வாங்கினேன். அதற்கு இரண்டு சாவி. ஒன்று என் முந்தானையில் இருக்கிறது. மற்றதைக் காகிதத்தில் சுற்றி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன்.

உங்கள்,
ஷாஜி